கயிறு கட்டியதும் நின்றது, ஹாஸ்டலுக்கு வந்ததும் திரும்பியது

கேள்வி: எனக்கு 22 வயது. ஊர் உசிலம்பட்டி பக்கம். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். நாலு மாதமாக எனக்கு ஒரு பிரச்சினை. தூங்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று முழிப்பு வருகிறது. கண் திறந்திருக்கிறது, அறை தெரிகிறது, ஆனால் கை கால் அசைய மாட்டேன் என்கிறது. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போல மூச்சு முட்டுகிறது. கத்தினாலும் சத்தம் வருவதில்லை. முதலில் வெறும் நிழல் மாதிரிதான் தெரிந்தது. எங்கள் அறையில் முன்பு ஒரு பெண் இறந்துவிட்டாள் என்று பக்கத்து அறைப் பெண்கள் சொன்ன பிறகு, தலைவிரி கோலமாக ஒருத்தி கால்மாட்டில் நிற்கிறாள். கொலுசுச் சத்தம்கூடக் கேட்கிறது. விடுப்பில் ஊருக்குப் போனபோது அம்மா கோடாங்கியிடம் கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டிவிட்டார். ஊரில் இருந்த மூன்று வாரமும் ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்த நாலாம் நாளே மறுபடியும் வந்துவிட்டது. அந்த அறையில்தான் ஏதோ இருக்கிறது, வேலையை விட்டுவிட்டு வா என்கிறார் அம்மா. எனக்கு வரன் பார்க்கிறார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா டாக்டர்? இதை மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பைத்தியமா என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. மாப்பிள்ளை வீட்டு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஊரில் மூன்று வாரம் வரவில்லை, ஹாஸ்டலுக்குத் திரும்பிய நாலாம் நாள் வந்தது.

உங்கள் அம்மா இதைச் சரியாகவே கவனித்திருக்கிறார். ஊரில் இல்லாத ஏதோ ஒன்று ஹாஸ்டலில் இருக்கிறது. ஆனால் அது அந்த அறையில்தான் இருக்கிறது என்று எப்படி முடிவுக்கு வந்தார்? ஊரில் நீங்கள் ராத்திரி பத்து மணிக்கு அம்மா பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பீர்கள், காலை ஆறு மணி வரை தூங்கியிருப்பீர்கள். இங்கே சி ஷிப்ட், அதாவது நைட் ஷிப்ட், காலை ஆறு மணிக்கு முடிந்து, கம்பெனி பஸ் பிடித்து, டிபன் சாப்பிட்டு, பாத்ரூமுக்கு வரிசையில் நின்று, செல்போனையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படுக்க எட்டரை ஒன்பது ஆகிவிடும். பன்னிரண்டு மணிக்கெல்லாம் பி ஷிப்ட் பெண்கள் கிளம்பும் சத்தத்தில் முழிப்பு வந்துவிடும். ஆக, ஊருக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவில் உங்கள் தூக்கமே தலைகீழாக மாறியிருக்கிறது. திரும்பி வந்த நாலாம் நாள் என்ன ஷிப்ட் என்று நீங்கள் எழுதவில்லை. நைட் ஷிப்டின் இரண்டாவது, மூன்றாவது நாளாக இருக்கும் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

உங்களுக்கு வருவதை நம் ஊரில் அமுக்குவான் என்பார்கள், அமுக்குவான் பேய் என்றும் சொல்வார்கள். மருத்துவத்தில் இதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர். ஆங்கிலத்தில் ஸ்லீப் பாரலிசிஸ். பாரலிசிஸ் என்றதும் பக்கவாதம் என்று பயந்துவிடாதீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

நாம் தூங்கும் தூக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று அது இறங்கி ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண்மணிகள் வேகமாக உருளும் ஒரு கட்டம் வரும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தன் எட்டு வயது மகனின் கண்ணைச் சுற்றி மின்முனைகளை ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். 1953-இல் தன் பேராசிரியர் கிளைட்மனோடு சேர்ந்து அதை வெளியிட்டார். ரெம் தூக்கம் என்று இதைச் சொல்வோம். கதை கதையாக வரும் தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. இந்தப் பதிலில் அதைக் கனவுத் தூக்கம் என்றே சொல்கிறேன்.

கனவுத் தூக்கத்தில் மூளை கிட்டத்தட்ட விழித்திருப்பது போலவே வேலை செய்யும். கனவில் நீங்கள் ஓடினால், ஓடு என்று காலுக்குக் கட்டளை போடும் பகுதியும் வேலை செய்யும். அந்தக் கட்டளை காலுக்கு உண்மையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? கட்டிலிலிருந்து எழுந்து ஓடுவீர்கள். அதைத் தடுக்க மூளைத்தண்டு ஒரு வேலை செய்கிறது. கனவு ஓடும் வரைக்கும் கை கால் தசைகளுக்குப் போகும் சமிக்ஞையைத் தண்டுவடத்திலேயே அமர்த்திவைக்கிறது. பிரான்சில் லியோன் நகரத்தில் மிஷெல் ஜூவே என்பவர் பூனைகளின் மூளைத்தண்டில் இதற்குப் பொறுப்பான இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். அந்தப் பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து நின்று, இல்லாத எலி மேல் பாய்ந்தன. மனிதர்களிலும் இப்படி ஒரு நோய் உண்டு. பெரும்பாலும் வயதான ஆண்களுக்கு வரும். கனவில் திருடனை அடிப்பதாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியைக் குத்திவிடுவார்கள். அப்படி அடிபட்டுக் கன்னம் வீங்கிய ஒரு பாட்டியம்மா, கணவரையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐம்பது வருசமா கை ஓங்காத மனுசன் டாக்டர்" என்று அழுதார். கனவின்போது கை காலைக் கட்டிவைக்கும் இந்தப் பூட்டு பூட்டாமல் போனால் வரும் கஷ்டம் அது.

உங்கள் கஷ்டம் இதற்கு நேர் எதிர். உங்கள் பூட்டு ஒழுங்காகத்தான் பூட்டுகிறது, திறக்கத்தான் கொஞ்சம் தாமதமாகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஹேண்ட் பிரேக்கை எடுக்கவில்லை. அறிவு விழித்துக்கொள்கிறது, கண் திறக்கிறது, அறை தெரிகிறது. ஆனால் உடம்பு இன்னும் கனவுத் தூக்கத்தில் கிடக்கிறது. சில நொடிகள், மிஞ்சினால் ஓரிரு நிமிடம். பிறகு தானாகவே விடும். படுத்திருப்பவருக்கு அது அரை மணி நேரமாகத் தெரியும், அது வேறு விஷயம்.

மூச்சு முட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. அந்தப் பூட்டு இரண்டு இடங்களைத் தொடுவதில்லை. ஒன்று கண்ணை அசைக்கும் தசைகள், இன்னொன்று மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம். மூச்சு விடுவதில் பெரும்பங்கு உதரவிதானத்தின் வேலைதான், அது நிற்பதே இல்லை. அதனால் மூச்சு நின்றுபோக வழியில்லை. ஆனால் விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள தசைகள் தளர்ந்து கிடக்கும். பயந்துபோய் இழுத்து ஒரு பெருமூச்சு விடப் பார்க்கிறீர்கள், நெஞ்சு விரிய மாட்டேன் என்கிறது. நெஞ்சு விரியவில்லை என்றால் மேலே ஏதோ கனமாக இருக்கிறது என்றுதானே மூளை கணக்குப் போடும்? நெஞ்சில் ஏறி உட்காருகிறவள் அப்படித்தான் வருகிறாள்.

கால்மாட்டில் நிற்பவளுக்கு வருவோம். கனவுத் தூக்கத்தில் பயத்தைக் கிளப்பும் பகுதிகள் மூளையில் மும்முரமாக வேலை செய்யும். அறையில் யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு முதலில் வரும், உருவம் அதற்கு அப்புறம்தான் வரும். அந்த உருவத்துக்கு முகமும் முடியும் புடவையும் நாம் கேட்ட கதைகளிலிருந்தே வரும். உங்கள் கடிதத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. முதலில் வெறும் நிழல் என்கிறீர்கள். பக்கத்து அறைப் பெண்கள் கதை சொன்ன பிறகுதான் தலைவிரி கோலமும் கொலுசும் சேர்ந்திருக்கின்றன. பேய் அந்த அறையிலேயே இருந்திருந்தால், கதை கேட்பதற்கு முன்பே கொலுசு போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டாமா?

உங்களைக் கிண்டல் செய்வதாக நினைக்காதீர்கள். எனக்கே இது வந்திருக்கிறது. பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒருமுறை இரண்டு நாள் தொடர்ந்து டூட்டி பார்த்துவிட்டு, விடுதி அறைக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் மல்லாந்து விழுந்தேன். மதியம் இரண்டு மணி இருக்கும். முழிப்பு வந்தது. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது. அறை நண்பன் மேசையில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் சரசர சத்தம் கேட்கிறது. ஜன்னல் பக்கம், அன்று காலை எங்கள் வார்டில் இறந்துபோன பெரியவர் நிற்கிறார். மருத்துவமனைப் போர்வையைத் தோளில் போட்டிருக்கிறார். நான் "டேய், டேய்" என்று உயிர் போகிற மாதிரி கத்தினேன். பிறகு நண்பனிடம் கேட்டேன், அவனுக்கு எந்தக் கத்தலும் கேட்கவில்லையாம். "மூக்கால ம்ம்னு முனகின, கனவு காணுறேன்னு விட்டுட்டேன்" என்றான். நான் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. மூன்று நாள் விளக்கை எரியவிட்டுத்தான் தூங்கினேன்.

அதனால் உங்கள் பயம் எனக்குத் தெரியும். ஊருக்கு ஊர் இந்த அமுக்குவானுக்கு வேறு வேறு வேஷம் என்பதும் தெரியும். ஜப்பானில் இதை கனாஷிபாரி என்பார்கள், உலோகத்தால் கட்டிப்போட்டது போல என்று பொருள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களுக்கு இது நெஞ்சில் ஏறி உட்காரும் கிழவி. ஹென்றி ஃபியூசெலி என்ற ஓவியர் 1781-இல் வரைந்த ஒரு படத்தில், மல்லாந்து கிடக்கும் பெண்ணின் நெஞ்சில் ஒரு குட்டிப் பிசாசு குந்தியிருக்கிறது. உங்கள் ஹாஸ்டல் அறையைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. எகிப்தில் பலர் இதை ஜின்னின் வேலை என்று நினைக்கிறார்கள். எகிப்தியர்களையும் டென்மார்க்கில் இருப்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எகிப்தியர்களுக்கு இது அதிகமாகவும், நீண்ட நேரமும், கூடுதல் பயத்தோடும் வருவது தெரிந்தது. பயம் தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் அமுக்குவானைக் கூட்டிவருகிறது, அது பயத்தைக் கூட்டுகிறது. இந்தச் சக்கரத்தில்தான் நீங்களும் நாலு மாதமாகச் சுற்றுகிறீர்கள்.

நம் சைவ சித்தாந்தத்தில் உயிரின் நிலைகளை ஐந்து அவத்தைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நனவைச் சாக்கிரம் என்பார்கள், கனவைச் சொப்பனம், ஆழ்ந்த உறக்கத்தைச் சுழுத்தி. அதற்கு மேல் துரியம், துரியாதீதம். மேலே உள்ள இரண்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் சாக்கிரத்தையும் சொப்பனத்தையும் தனித்தனி அறைகளாக நினைத்துக்கொண்டிருக்கிறோமே, நடுவில் ஒரு திண்ணை இருக்கிறது. நீங்கள் மாட்டிக்கொள்வது அந்தத் திண்ணையில். அங்கே கண்ணுக்குத் தெரியும் கட்டிலும் விசிறியும் நிஜம், கட்டிலுக்கு அருகே நிற்பவள் கனவு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதால்தான் இத்தனை குழப்பம்.

மனநோயில் வரும் மாயத்தோற்றம் வேறு மாதிரி. அது நல்ல விழிப்பில், பகலில், பேசிக்கொண்டிருக்கும்போதே வரும். வந்ததை நிஜம் என்று நம்பி அதற்கேற்ப நடக்கவும் வைக்கும். உங்களுக்குத் தூக்கத்தின் விளிம்பில் மட்டும்தான் வருகிறது. எழுந்து உட்கார்ந்ததும் போய்விடுகிறது, எனக்கு ஏன் இப்படி ஆகிறது என்று நீங்களே கேட்கிறீர்கள். இது உலகத்தில் எத்தனையோ பேருக்கு வருவதுதான். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011-இல் வந்த கணக்குப்படி, பொதுமக்களில் நூற்றில் சுமார் 8 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருக்கிறது. மாணவர்களில் நூற்றுக்கு 28 பேர். பரீட்சை, கண்விழிப்பு, ஹாஸ்டல் என்று அவர்கள் படும் பாட்டுக்கும் உங்கள் பாட்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

சரி, ஏன் நைட் ஷிப்ட் முடிந்த காலையில்? நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கனவுத் தூக்கம் அதிகமாக வரும் நேரம் அந்தக் கடிகாரப்படி விடியற்காலையும் காலையும். சாதாரணமாக ராத்திரி படுப்பவர் ஒன்றரை மணி நேரம் மற்ற கட்டங்களைத் தாண்டித்தான் முதல் கனவுத் தூக்கத்துக்கு வருவார். நீங்களோ ராத்திரி முழுக்கக் கண்விழித்து, கனவுத் தூக்கம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வந்து படுக்கிறீர்கள். வாசலில் நிற்காமல் நேராகக் கூடத்துக்குள் போகிற மாதிரி, படுத்த கொஞ்ச நேரத்திலேயே கனவுத் தூக்கத்துக்குள் போய்விட வாய்ப்பு அதிகம். ஜப்பானில் 1992-இல் தகேயுச்சி என்பவரும் அவரது குழுவும் ஆட்களைத் தூக்கத்தின் நடுவில் எழுப்பிவிட்டு மறுபடி தூங்க வைத்து, இப்படி நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் போக வைத்தார்கள். சிலருக்கு ஆய்வுக்கூடத்திலேயே அமுக்குவான் வந்துவிட்டது. கோடாங்கி ஓட்டுகிறார் என்றால், இவர்கள் வரவழைத்தே காட்டிவிட்டார்கள்.

கயிறு கட்டியதும் நின்றதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மூன்று வாரம் ராத்திரியில் எட்டு மணி நேரம் தூங்கினீர்கள், அம்மா பக்கத்தில் பயமில்லாமல் தூங்கினீர்கள். கயிற்றுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு, பயத்தைக் குறைத்திருக்கும். அதனால் அதைக் கழற்றச் சொல்ல மாட்டேன், அம்மா மனசுக்காகவாவது இருக்கட்டும். வேலையை விடச் சொல்லும் பேச்சை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த முறை வரும்போது மொத்த உடம்பையும் தூக்கி எழுந்திருக்கப் போராடாதீர்கள். பூட்டிய கதவைத் தோளால் இடிக்கிற மாதிரிதான் அது. எவ்வளவு முட்டுகிறீர்களோ அவ்வளவுக்கு நெஞ்சு அழுத்தமும் பயமும் கூடும். உங்கள் வசம் இருப்பவை கண்ணும் மூச்சும். கண்ணை அந்த உருவத்தின் பக்கம் விடாமல் இடமும் வலமும் மெதுவாக உருட்டுங்கள். பெருமூச்சு இழுக்கப் பார்க்காமல், வயிறு தானாக ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். அப்படியே ஒரு கால் பெருவிரல், அல்லது ஒரு கைவிரல் நுனி, அதை மட்டும் அசைக்கப் பாருங்கள். மனசுக்குள் "இது அமுக்குவான், இப்போ போயிடும்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். குலசாமி பெயரைச் சொன்னால் தைரியம் வரும் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். விடுபட்டதும் அப்படியே திரும்பிப் படுக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்தே மறுபடி தொடங்கும். எழுந்து முகம் கழுவி, பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுப் படுங்கள்.

மல்லாந்து படுக்காதீர்கள். இது வருபவர்களில் பலருக்கு அப்படிப் படுத்திருக்கும்போதுதான் வருகிறது. பக்கவாட்டில் படுத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையையோ சுருட்டிய போர்வையையோ முட்டுக் கொடுங்கள். நைட் ஷிப்ட் நாட்களில் காலைத் தூக்கம் நாலு மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது என்றால், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் படுத்துவிட்டுப் போங்கள். ஷிப்டில் கடைசி டீ ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். கட்டிலைச் சுற்றிப் பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினால் வெளிச்சம் குறையும். கீழ்க் கட்டிலில் இருக்கிறீர்கள் என்றால் இது சுலபம். இரும்புத் துண்டை யாராவது தலையணைக்கு அடியில் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், குத்தும்.

அறையில் இருக்கும் தோழிகளில் நம்பிக்கையான ஒருத்தியிடம் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். நான் மூக்கால் முனகுவது கேட்டால் தோளைத் தொட்டு எழுப்பு என்று. யாராவது தொட்டாலே பெரும்பாலும் உடனே விட்டுவிடும். பக்கத்து அறைப் பெண்களிடம் அந்தப் பழைய கதையை மறுபடி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நீங்களாக வேறு எந்த மாத்திரையாவது எடுத்துவந்து திடீரென்று நிறுத்தியிருந்தால் அதையும் எனக்கு எழுதுங்கள். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் கனவுத் தூக்கம் அணை உடைந்த மாதிரி பெருகிவரும்.

ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வருகிறதா, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிற அளவுக்கு? வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் தொய்ந்து விழப் பார்க்கிறீர்களா? இரண்டில் ஒன்று இருந்தாலும், அரசு மருத்துவமனையில் நரம்பியல் அல்லது மனநலப் பிரிவில் காட்டுங்கள். நார்கோலெப்சி என்று ஒரு நோய் இருக்கிறது, அதிலும் இந்த முடக்கம் வரும். அபூர்வமான நோய்தான், மருந்து உண்டு. பலமாகக் குறட்டை விடுகிறீர்கள் என்று தோழிகள் சொன்னாலும் காட்டுங்கள். இவை எதுவும் இல்லாமல், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து, படுக்கவே பயமாக இருந்தாலும் காட்டலாம். மருத்துவர் சான்று கொடுத்தால், கொஞ்ச காலத்துக்கு நைட் ஷிப்ட் இல்லாமல் போடும்படி கம்பெனியில் கேட்டுப் பார்க்கலாம்.

மாப்பிள்ளை வீட்டு விஷயம். பகல் தூக்கமும் முழங்கால் தொய்வும் இல்லை என்றால், அவர்களிடம் அறிவிக்க இதில் நோய் என்று ஒன்றுமில்லை. பெண் பார்க்க வரும் கூடத்தில் சொல்ல வேண்டிய சங்கதியும் இல்லை இது. ஆனால் கல்யாணம் ஆன பிறகு பக்கத்தில் படுக்கப்போகிறவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் தோழிக்குச் சொன்ன அதே வார்த்தைதான்: முனகினால் தோளைத் தொடுங்கள். சொல்லாமல் விட்டால் ஒரு ராத்திரி உங்கள் முனகலைக் கேட்டு அவர்தான் பயந்து கோடாங்கியைத் தேடுவார்.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குத் தினமும் என்ன ஷிப்ட், எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், எந்தப் பக்கம் படுத்தேன், அமுக்குவான் வந்ததா என்று ஒரே வரியில் எழுதுங்கள். அடுத்த விடுப்பில் ஊருக்குப் போகும்போது அதை அம்மாவிடம் காட்டுங்கள். அவர் கவனிக்கத் தெரிந்தவர். என் பந்தயம் ஜெயித்ததா என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.